முதலில் எர்த்தைப் பாருங்கள், அப்புறம் டிரைவரைத் திட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு லாரி உரிமையாளர் எழுதியிருந்ததைப் படித்தேன். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் லைட் மங்கலாக எரிகிறதாம். இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் இருக்கிற விளக்கெல்லாம் சேர்ந்து கண் சிமிட்டுகிறதாம். சில நாள் காலையில் செல்ஃப் எடுப்பதே இல்லையாம். இரண்டு செட் பேட்டரி, ஒரு டைனமோ, கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும் மாற்றியும் வண்டி அப்படியே இருக்கிறது, இந்தக் காலத்து வண்டியை மனுஷன் பழுது பார்க்க முடியாது என்று முடித்திருந்தார். நடுவில் ஒரு வரி வருகிறது: டிரைவர் ஏதோ சுவிட்சை நோண்டித்தான் கெடுத்திருப்பார் என்று சந்தேகமாம்.

நான் 28 வருடமாக லாரி வயரிங் வேலை பார்க்கிறவன். அந்த வண்டியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் முடிச்சுப் போடுகிற சுவிட்ச் எதுவும் டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடையாது. அவர் எழுதியிருக்கும் முதல் இரண்டு குறையும் சேர்ந்து வந்தால், இடது பின்விளக்கின் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸ் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு, அறுந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

எப்படி என்று சொல்கிறேன். பின்விளக்கில் இருப்பது பெரும்பாலும் இரட்டை ஃபிலமென்ட் பல்பு. 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்கிங்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், பல்பின் உடம்பு. அந்த எர்த் நன்றாக இருக்கும் வரை பிரேக் கரண்ட் 21 வாட் ஃபிலமென்ட் வழியாக வந்து சேசிஸில் இறங்கிவிடும். எர்த் துருப்பிடித்து விட்டுப்போனால் கரண்ட் சும்மா நிற்காது. மடை அடைத்த தண்ணீர் வரப்பு ஏறிப் பக்கத்து வயலுக்குப் போகிற மாதிரி, 5 வாட் ஃபிலமென்ட் வழியாகப் பின்னோக்கி ஏறி, பார்க்கிங் லைனைப் பிடித்து, அந்த லைனில் இருக்கிற மற்ற விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்ளும். அதனால்தான் பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் எரிகிறது. இரண்டு ஃபிலமென்ட்டைத் தாண்டி வருவதால்தான் மங்கலாக எரிகிறது. அதே விளக்குக்கூட்டில் இருக்கிற இண்டிகேட்டருக்கும் எர்த் அதுவேதான் என்பதால், அதுவும் ஊரைக் கூட்டிக்கொண்டு சிமிட்டும். பேய் பிடித்த வண்டி என்று சொல்கிற பாதி வண்டிகளின் கதை இவ்வளவுதான்.

எர்த் என்றதும் எல்லோரும், "அதெல்லாம் பாத்தாச்சு, நல்லா டைட்டா இருக்கு" என்பார்கள். டைட்டாக இருப்பது வேறு, கரண்ட் போவது வேறு. ஒரு டிப்பர் லாரி, செல்ஃப் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு செல்ஃப் மோட்டார் மாற்றிவிட்டார்கள். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகச் சேர்த்த 24 வோல்ட் வண்டி, பேட்டரியில் 25 வோல்ட் இருக்கிறது, குறையே சொல்ல முடியாது. நான் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் ஈயத்திலேயே வைத்தேன் (கிளாம்பில் அல்ல, ஈயத்தில்), இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 6 வோல்ட் காட்டியது. அதாவது மோட்டாருக்குப் போக வேண்டிய 6 வோல்ட்டை வழியிலேயே ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. அப்புறம் படிப்படியாக வந்தேன்: கம்பத்திலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து லக் (கேபிள் முனையில் இருக்கிற உலோக வளையம்), லக்கிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து எஞ்சின். கடைசிப் படியில் மாட்டியது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே போகும் பின்னல் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், லக்குக்கு அடியில் பளபளவென்று ஒரு வட்டம் நீலப் பெயின்ட். சேசிஸுக்குப் புதுப் பெயின்ட் அடித்த ஆள் அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் மேல் பட்டையை வைத்து, போல்ட்டை நன்றாக முறுக்கியிருக்கிறார்கள். கரண்ட் போனதெல்லாம் போல்ட்டின் மரை வழியாகத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரும்பைத் தெரிய வைத்து மாட்டினேன். செல்ஃப் சுற்றியது. கழற்றிப் போட்ட இரண்டு பழைய மோட்டாரும் நல்ல மோட்டார்தான்.

இதே கோளாறு கேபிள் ஆக்சிலேட்டர் இருக்கிற பழைய வண்டியில் வந்தால் இன்னும் வேடிக்கை. எர்த் பட்டை போய்விட்டால் செல்ஃப் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப வரப் பார்க்கும். கேபிள் சூடாகி உறை உருகிப் பிடித்துக்கொள்ளும். கேபிளை மாற்றுவார்கள், மறுபடியும் பிடிக்கும். ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி போகிறது என்று வரும் வண்டியில் நான் கேபிளைத் தொட மாட்டேன்.

மீட்டரை நம்பிக் கெட்டவர்களும் உண்டு, நானும் அதில் ஒருவன். ஒரு வயரில் முப்பது இழை செம்பு இருந்து, அதில் 29 அறுந்து, ஒன்றே ஒன்று அரித்துப்போய்த் தொட்டும் தொடாமலும் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட மீட்டர் 24 வோல்ட் என்று முழுசாகக் காட்டும். மீட்டர் இழுக்கிற கரண்ட் அவ்வளவு சொற்பம், ஒரு இழையே போதும். ஹெட்லைட்டைப் போட்டால் 3 ஆம்பியர் வேண்டும், அப்போது அந்த இழை கையை விரித்துவிடும். அதனால் சந்தேகப்படுகிற வயரில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டி எரியவிட்டு, அது எரியும்போது வோல்ட் பார்க்க வேண்டும். சுமை ஏற்றாமல் பார்க்கிற வோல்ட் கணக்கே இல்லை. கம்ப்யூட்டர், சென்சார் போகிற வயர்களில் இந்தப் பல்பு வேலை கூடாது, உள்ளே இருப்பதைச் சுட்டுவிடும். அது விளக்கு, மோட்டார், ஃபேன் லைன்களுக்கு மட்டும்.

இங்கே என் தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தொழில் கற்ற காலத்தில் ஊசி முனை டெஸ்ட் லேம்ப் வைத்து வயரின் தோலைக் குத்திக் குத்திப் பார்ப்பேன். வேகமாக வேலை முடியும், பெருமையாக இருக்கும். அப்படிக் குத்திச் சரிசெய்து அனுப்பிய வண்டி ஒன்று மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தது. வேறு குறை, ஆனால் அதே வயர். தோலைச் சீவிப் பார்த்தேன். நான் குத்திய துளையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு பச்சை பூத்து, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. ஒரு ஊசித் துளை வழியாக இறங்கிய ஈரம். வண்டிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன், கூலி வாங்கவில்லை. அதிலிருந்து வயரோடு வயரை இணைக்கிற கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனை நுழைத்துத்தான் பார்க்கிறேன்.

சரி, டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் மீட்டரைவிட உபயோகமான கருவி டிரைவரின் வாய்தான். ஆனால் வண்டியைக் கொண்டுவந்து விடுகிற முதலாளிகள் டிரைவரைப் பேசவே விடுவதில்லை. ஒரு முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்து அணைந்து போகிற வண்டி வந்தது. டீசல் ஃபில்டர், பம்ப், ரிலே எல்லாம் மாற்றியிருந்தார்கள். முதலாளி அரை மணி நேரம் செலவுக் கணக்குச் சொன்னார். அவர் போன் பேசத் தள்ளிப் போனதும் டிரைவர் தம்பி என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, வலது பக்கம் ஒடிச்சுத் திருப்பும்போதுதான் ஆஃப் ஆகுது. அதுவும் லோடு இருந்தாத்தான். காலி வண்டியில ஆகவே ஆகாது."

அந்த மூன்று வாக்கியத்தில் வேலை முடிந்துவிட்டது. லோடு ஏறினால் சேசிஸ் முறுக்கும். திரும்பும்போது கேபின் ஒரு பக்கம் சாயும். இரண்டுக்கும் நடுவில் இழுபடுகிற வயர் எது? கேபின் மடங்குகிற இடத்தில் சேசிஸிலிருந்து மேலே ஏறும் கட்டு. கேபினைத் தூக்கி, அந்தக் கட்டின் உறையைப் பிரித்து, ஒவ்வொரு வயராக இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். ஏழாவதோ எட்டாவதோ வயர் ரப்பர் மாதிரி நீண்டது. வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு இரண்டாக நிற்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகிற சப்ளை வயர் அது. வண்டி நேராக நிற்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், இழுபட்டால் விலகும். எந்த மெஷினில் போட்டுப் பார்த்தாலும் நிற்கிற வண்டியில் அது தெரியவே தெரியாது.

அதனால் வண்டி வந்தால் நான் முதலில் பானெட் பக்கமே போவதில்லை. எப்போது வருகிறது, குளிர்ந்திருக்கும்போதா சூடாகிய பிறகா, மழையிலா, குழியில் இறங்கும்போதா, எந்த சுவிட்ச் போட்டிருக்கும்போது, கடைசியாக யார் எதற்காகக் கை வைத்தார்கள் என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்குவதுதான் கஷ்டம். "யாரும் ஒண்ணும் பண்ணல" என்பார்கள். பார்த்தால் புதிதாக ஹார்ன் வைத்திருப்பார்கள், விளக்கு வைத்திருப்பார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றாமல் சேசிஸில் வெல்டிங் அடித்திருப்பார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றியது பற்றி. ஸ்கேனர் காட்டுகிற கோடு நம்பரை (குறையைச் சொல்கிற குறியீட்டு எண்ணை) எடுத்துக்கொண்டு அந்தப் பெயரில் இருக்கிற சாமானை வாங்கி மாட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. சென்சாரில் வோல்ட் குறைவு என்று கோடு வந்தால், வோல்ட் குறைவாக வந்து சேர்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சென்சார் கெட்டது என்று அந்தப் பெட்டி எங்கேயும் சொல்லவில்லை. ஒரே சமயத்தில் மூன்று சென்சாருக்கு இப்படிக் கோடு வந்த வண்டி ஒன்று. மூன்றும் ஒரே நாளில் செத்துப்போக அவை என்ன சகோதரர்களா? பல சென்சார்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரே 5 வோல்ட் லைனைப் பிரித்துக் கொடுக்கும். அதில் ஒன்று எர்த்தில் ஷார்ட் ஆனால் மற்றதெல்லாம் சேர்ந்து சாய்ந்துவிடும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே வந்தேன். மூன்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் எழவில்லை. அப்படியானால் சென்சார் அல்ல, வயர். எஞ்சின் மேல் போகும் கட்டு ஒரு தகட்டு பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி, தோல் தேய்ந்து, ஒரு கடுகளவு செம்பு தெரிந்தது. அந்தக் கடுகுதான் மூன்று புது சென்சார் வாங்க வைத்தது.

டேஷ்போர்டில் எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் படுத்து, எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால், எல்லாம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது. சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தால் அடுத்து, பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்கிற அந்த முறுக்கிய இரட்டை வயரைப் பார்க்க வேண்டும். கேன் லைன் என்போம். அதன் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், சாதாரண மீட்டர் போதும். நான் பார்த்த இந்த மாதிரி வண்டிகளில் பாதியில், வண்டி எங்கே போகிறது என்று காட்டுகிற டிராக்கர் பெட்டியை அந்த லைனில் தோலைச் சீவி, கையால் முறுக்கி, டேப் சுற்றி மாட்டியிருந்தார்கள். அதுவும் தண்ணீர் வயரோடு வழிந்து நேரே உள்ளே இறங்குகிற மாதிரி. கப்ளருக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டிருந்தால் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போயிருக்கும்.

காலையில் பேட்டரி இறங்கி நிற்பதற்கு டிரைவர் லைட்டை அணைக்காமல் தூங்கிவிட்டான் என்று சொல்வது சுலபம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் போய் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். இரும்பு சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு கெட்டுப்போய், பேட்டரி ராத்திரியெல்லாம் டைனமோவுக்குள் வடிந்திருக்கிறது. அது இல்லையென்றால் வண்டியைப் பூட்டி, பெட்டிகள் எல்லாம் தூங்குவதற்கு அரை மணி நேரமாவது விட்டு, ஃபியூஸ்களை உருவாமலே ஒவ்வொன்றின் தலையிலும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளியில் மில்லிவோல்ட் பார்க்கலாம். கரண்ட் போகாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். உருவினால் தூங்குகிற பெட்டி விழித்துக்கொண்டு நம்மைச் சுற்றலில் விட்டுவிடும்.

இரண்டு செட் பேட்டரி மாற்றியதாக எழுதியிருக்கிறாரே, அது எனக்கு இன்னொரு வண்டியை நினைவுபடுத்துகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி பேட்டரி தின்றது அது. "தண்ணி ஊத்துறதே இல்லை இவன்" என்று முதலாளி டிரைவரை என் முன்னாலேயே திட்டினார். டிரைவர் வயசானவர், சொன்னார்: "வாராவாரம் ஊத்துறேன் சார். ஒரு பேட்டரிதான் குடிக்குது, இன்னொண்ணு குடிக்கவே மாட்டேங்குது." எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்து அளந்தால் 28 வோல்ட், அட்சரம் பிசகாமல் சரி. தனித்தனியாக அளந்தால் ஒன்றில் 15.2, மற்றதில் 12.8. பாட்டுப் பெட்டி 12 வோல்ட்டில் ஓடுவதால், யாரோ எர்த் பக்கம் இருக்கிற கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயர் இழுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய மாடு மாதிரி, சார்ஜ் கரண்ட் இரண்டிலும் ஒரே அளவுதான் போகும். பாட்டுப் பெட்டிக்குக் கொடுக்கிற பேட்டரி எப்போதும் பசியில், மற்றது வயிறு வெடிக்கத் தின்று கொதிக்கிறது. 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று போட்டுப் பாட்டுப் பெட்டியை அதற்கு மாற்றினேன். முதலாளி அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தவரை கேட்கவில்லை.

ஃபியூஸைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 10 ஆம்பியர் எரிந்துகொண்டே இருக்கிறது என்று 30 போட்டால், அடுத்து எரிவது வயர்.

அந்த வாசகருக்கு நேராகச் சொல்வது இது. நீளமான வயர் ஒன்றை எடுத்து, இடது பின்விளக்கின் எர்த் முனையிலிருந்து நேரே பேட்டரி நெகட்டிவுக்குப் போடுங்கள். பிறகு பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள், உங்கள் டிரைவரையே. பார்க்கிங் லைட் எரியாமல் இருந்தால் வேலை முடிந்தது, துருவைத் தேய்த்து எர்த்தை ஒழுங்காக மாட்டுங்கள். அப்போதும் எரிந்தால், பின்பக்கம் இருக்கிற இரட்டை ஃபிலமென்ட் பல்புகளைக் கழற்றி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் ஒரு ஃபிலமென்ட் அறுந்து மற்றதன் மேல் சாய்ந்து கிடக்கலாம். செல்ஃபுக்கு, சாவியைத் திருப்பும்போது பேட்டரி ஈயத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்து, அந்த எண்ணை மட்டும் உங்கள் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். மீதியை நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லாரி வயரிங் தொழிலாளி ஒருவன்